வசனம் தராத வகுப்புக்குப் பதினாறாயிரம் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. கோண்டாவிலில் இருந்து யாழ். நகரத்துக்கு, ஒரு காப்புறுதி அலுவலகத்துக்கு வேலைக்குப் போய்வருகிறேன். உயர்தரத்தில் நாடகமும் அரங்கியலும் படித்தேன். பாடசாலை மேடையிலும் கோயில் திருவிழா நாடகங்களிலும் நடித்திருக்கிறேன். வசனத்தைப் பாடமாக்கத் தந்தால் ஒரு சொல் பிழைவிட மாட்டேன். போன மாதம் ஒரு குறும்படத்துக்குப் போன இடத்தில் இயக்குநர், "வசனத்தை விடுங்கோ, உங்கட பாட்டில கதையுங்கோ" என்றார். நாக்கு ஒட்டிப்போச்சு. நாலு தரம் எடுத்தும் வரவில்லை. என் பகுதியைக் குறைத்துவிட்டார்கள். இப்போது நகரத்தில் இம்ப்ரோவைசேஷன் நடிப்பு வகுப்பு ஒன்று தொடங்குகிறது. சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணித்தியாலம், எட்டுக் கிழமை, 16,000 ரூபாய். வசனமே தரமாட்டார்களாம். "விளையாட்டுக் காட்டிக் காசு வாங்கப் போறாங்கள்" என்று சிநேகிதி சிரிக்கிறாள். சேரலாமா?

பதில்: சேரலாம். ஆனால் காசு கட்டுவதற்கு முன் ஒரு சனிக்கிழமை போய், மூலையில் இருந்து ஒரு முழு வகுப்பைப் பாருங்கள். உங்கள் குறைக்கு இந்த வகைப் பயிற்சிதான் மருந்து. அந்த அறையில் கொடுப்பது அந்த மருந்துதானா என்பது விளம்பரத்தைப் பார்த்துத் தெரியாது. பார்க்க விடமாட்டோம் என்றால் முதல் நாளுக்கு மட்டும் 2,000 ரூபாய் கட்டி வருகிறேன் என்று கேளுங்கள். அதற்கும் மறுத்தால் விட்டுவிடலாம்.

முதலில் அந்தப் படப்பிடிப்பைப் பார்ப்போம். நாக்கு ஒட்டியதற்குச் சொல் இல்லாமல் போனது காரணம் அல்ல. இழப்பீட்டுக் காசு வரவில்லை என்று கொதித்துக்கொண்டு வருகிற வாடிக்கையாளருக்கு நீங்கள் தினமும் வசனம் இல்லாமல்தானே மறுமொழி சொல்கிறீர்கள்? அங்கே எதிரில் நிற்பது யார், அவருக்கு என்ன வேண்டும், உங்களுக்கு அவரிடம் என்ன ஆக வேண்டும் என்ற மூன்றும் தெரியும். வாய் தானாகத் திறக்கிறது. பாடமாக்கி நடித்துப் பழகியவரின் கவனமோ அடுத்த வரியில் இருக்கும். அந்த வரியைப் பறித்தவுடன் அது எதிரே நிற்பவரிடம் போகாது, தன்னிடமே திரும்பிவிடும். 'நல்லதாக என்ன சொல்லலாம், எப்படித் தெரிகிறேன்' என்று தேடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் சொன்னது காதில் விழாது. விழாததற்கு மறுமொழி எப்படி வரும்?

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "உங்கட பாட்டில கதையுங்கோ" என்பது பாதி அறிவுறுத்தல். இன்னார் உங்களுக்கு இன்ன முறை, இந்த இடம், இது உங்களுக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டு விட்டிருந்தால் உங்களுக்கே பாதி வந்திருக்கும். அடுத்த முறை யாராவது அப்படிச் சொன்னால் கமெரா ஓட முதல் கேளுங்கள்: "இவர் எனக்கு ஆர்? நான் இவரிட்ட என்ன கேக்க வந்தனான்? இவர் தராட்டி எனக்கு என்ன நட்டம்?" கேட்பதில் வெட்கம் இல்லை. வகுப்பில் சேராமலே செய்யக்கூடிய திருத்தம் இது.

வசனம் இல்லை என்றால் ஒழுங்கு இல்லை என்று அர்த்தமாகாது. தவில் தனியாவர்த்தனம் முழுவதையும் யாரும் எழுதிப் பாடமாக்கி வாசிப்பதில்லை. ஆனால் தாளம் ஒரு அட்சரம் பிசகினால் முன்வரிசையில் இருக்கிற கிழவருக்குத் தெரியும். மனோதர்மம் என்று நாங்கள் மரியாதையோடு சொல்வது அதைத்தானே. இசை நாடகத்திலும் பாட்டு மாறாது, வசனத்தைச் சபைக்கு ஏற்ப இழுப்பார்கள், குறுக்குவார்கள். பபூன் வேடக்காரருக்கு எழுதிக் கொடுத்த வசனம் சொற்பமாகத்தான் இருக்கும். நடிப்பில் தாளத்தின் இடத்தில் இருப்பது, எதிராளி சொன்னதும் செய்ததும்தான். அதை விட்டு விலகினால் தாளம் தப்பும்.

இந்தப் பயிற்சிக்கு இரண்டு பெரிய ஊற்றுகள் உண்டு. சிக்காகோவில் வயோலா ஸ்போலின், பெரும்பாலும் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளோடு வேலைசெய்தபோது உருவாக்கிய அரங்க விளையாட்டுகள் ஒன்று. அவற்றை 1963இல் புத்தகமாக்கினார். அவருடைய மகன் போல் சில்ஸ், 1959இல் அதே நகரத்தில் செக்கண்ட் சிற்றி என்ற நகைச்சுவை நாடகக் குழுவைத் தொடங்கியவர்களில் ஒருவர். மற்றது கீத் ஜோன்ஸ்ரன். லண்டன் ரோயல் கோர்ட் அரங்கிலும் பிறகு கனடாவின் கல்கரியிலும் வேலைசெய்தவர். அவருடைய புத்தகம் 1979இல் வந்தது. யார் எங்கே எந்த ஆண்டு என்பது உங்களுக்கு முக்கியமில்லை. இதே விளையாட்டுகள் பின்னால் இரண்டு வழியில் பிரிந்ததுதான் முக்கியம்: ஒன்று நடிகரின் கவனத்தைப் பழக்குவது, மற்றது சபையைச் சிரிக்கவைக்கும் மேடை நிகழ்ச்சி. இரண்டும் ஒரே பெயரில்தான் விற்கப்படுகின்றன. உங்களுக்கு வேண்டியது முதலாவது. "எட்டாவது கிழமை பார்வையாளர் முன்னால் பகிடி நிகழ்ச்சி" என்று விளம்பரத்தில் இருந்தால், ஐந்தாம் கிழமையில் இருந்து நேரம் முழுக்க அதற்கே போகும்.

யாழ்ப்பாணத்தில் மூன்றாவது ஒரு வகையும் உண்டு. 1978இல் குழந்தை ம. சண்முகலிங்கம் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் காலத்திலிருந்து அரங்க விளையாட்டும் களப்பயிற்சியும் இங்கே புதிது அல்ல. உங்கள் உயர்தர ஆசிரியரும் கொஞ்சம் செய்வித்திருப்பார். பிற்காலத்தில் மன ஆற்றுப்படுத்தலுக்கும் சமூக விழிப்புணர்வுக்கும் இதே களப்பயிற்சி நிறையப் பயன்பட்டது. நல்ல வேலைதான், ஆனால் அதன் இலக்கு வேறு. ஆசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: "இது நடிகருக்கோ, ஆளுமை விருத்திக்கோ?" இரண்டுக்கும் என்று மறுமொழி வந்தால், முதல் மூன்று வகுப்பிலும் என்ன செய்விப்பீர்கள் என்று கேளுங்கள். தெரிந்தவர் பயிற்சியின் பெயரைச் சொல்லுவார். தெரியாதவர் "தன்னம்பிக்கை" என்று தொடங்குவார்.

நல்ல வகுப்பில் எதைக் காண்பீர்கள்? தொடக்கத்தில் அநேகமாகக் கண்ணாடிப் பயிற்சி இருக்கும். இரண்டு பேர் ஒரு கை தூரத்தில் எதிரெதிரே நிற்பார்கள். ஒருவர் அசைய மற்றவர் கண்ணாடி விம்பம் போல அதே நேரத்தில் அசைய வேண்டும். மூன்று நிமிடம் ஒருவர் தலைமை, மூன்று நிமிடம் மற்றவர், பிறகு தலைமை யாருக்கும் இல்லை. பிழைக்கும் இடம் இரண்டு. தலைமைக்காரர் எதிராளியை மடக்க வேகமாக அசைப்பது ஒன்று, பின்தொடர்பவர் கையைப் பார்ப்பது மற்றது. கையைப் பார்த்தால் எப்போதும் கொஞ்சம் பிந்துவீர்கள்; கண்ணையும் நெஞ்சையும் பார்த்தால் முழு உடம்பும் பார்வைக்குள் வரும். சிநேகிதிக்கு இது விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் உங்களைப் பற்றி யோசிக்க நேரமே கிடைக்காத மூன்று நிமிடம் அது, உங்களுக்கு வேண்டியதும் அதுதான்.

பிறகு இல்லாத பொருளோடு வேலை. கப்பிக் கிணற்றில் தண்ணீர் அள்ளுவதை எடுங்கள். வெறும் வாளி இறங்கும்போது கயிறு கையில் வழுகிக்கொண்டு போகும், தண்ணீரில் படும்போது கயிறு ஒருகணம் தளரும், வாளி சரிந்து நிறையும், பிறகு பாரம் தோளுக்கு வரும். கைமாறிக் கைமாறி இழுத்து, ஒரு கையால் கயிற்றைப் பிடித்தபடி மற்றக் கையால் வாளியை எட்டிக் கட்டில் வைக்க வேண்டும். பெரும்பாலோர் இதுவரைக்கும் வடிவாகச் செய்வார்கள். இரண்டு நிமிடம் கழித்து யாரோ கூப்பிட, அதே கிணற்றுக் கட்டுக்குள்ளால் நடந்து போவார்கள்! "கட்டு எங்க போச்சு?" என்று ஆசிரியர் அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். கேட்காமல் விட்டால், அடுத்த காட்சியில் கிணறும் இராது, வீடும் இராது, இரண்டு பேர் நின்று கதைப்பது மட்டும் மிஞ்சும்.

அடுத்தது, எதிராளி தந்ததை ஏற்றுக்கொள்வது. இந்தப் பயிற்சி முழுவதற்கும் முதுகெலும்பு இது. ஆகக் கூடுதலாகப் பிழையாகச் சொல்லிக்கொடுக்கப்படுவதும் இதுதான். ஒருவர் தொடங்குகிறார்:

"அக்கா, உங்கட ஆடு எங்கட கிணத்துக்க விழுந்திட்டுது."

"எங்களிட்ட ஆடே இல்லையே."

காட்சி செத்துவிட்டது. அயல்வீடு, கிணறு, ஆடு, அவசரம் என்று முதலாமவர் தந்த நாலும் ஒரே வரியில் அழிந்துவிட்டன. இனி ஆடு உண்டா இல்லையா என்று இரண்டு பேரும் தர்க்கம் பண்ணுவார்கள். இப்படிச் சொன்னால்:

"ஐயோ, அதை நேற்றுத்தானே உங்கட அண்ணருக்கு வித்தனான்."

இதுவும் மறுப்புத்தான். பொறுப்பை அக்கா கழற்றிவிடுகிறா. ஆனால் ஆடு அப்படியே கிணற்றுக்குள் கிடக்கிறது. அதோடு ஒரு விற்பனை, ஒரு அண்ணன், தெரியாமல் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கல் எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. பாத்திரம் எதையும் மறுக்கலாம்; நடிகர் எதிராளி தந்த உண்மையை அழிக்கக் கூடாது. "எதுக்கும் ஓம் சொல்லுங்கோ" என்று மட்டும் சொல்லிக்கொடுக்கிற வகுப்பில் எல்லாப் பாத்திரமும் எல்லாவற்றுக்கும் தலையாட்டும், சண்டையே வராது. எங்கள் ஊர்க் கதை அப்படி இல்லை. "தேத்தண்ணி போடட்டே?" என்றால் "வேண்டாம், இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்போம், வீட்டுக்காரி கேத்திலை அடுப்பில் வைத்துவிடுவா, இரண்டு பேருக்கும் அதுதான் முறை என்று தெரியும். மறுப்புக்குள்ளேயே ஏற்பு இருக்கிறது. இதை எடுத்து வேலைசெய்விக்கிற ஆசிரியர் கிடைத்தால் விடாதீர்கள்.

நான் முக்கியம் என்று நினைக்கிற இன்னொன்று, ஜோன்ஸ்ரன் விரிவாக எழுதிய அந்தஸ்துப் பயிற்சி. கதைப்பவர்களில் யார் கை மேலே என்பது சொல்லை விடத் தலை, கண், கை, பிடிக்கிற இடம் என்பவற்றில்தான் தெரியும். தலையை அசைக்காமல் நிதானமாகக் கதைப்பவர் பெரியவராகத் தெரிவார், முகத்தைத் தொட்டுத் தொட்டுக் கதைப்பவர் சிறுத்துப்போவார். ஆங்கிலத்தில் எல்லோருக்கும் 'யூ' ஒன்றுதான், இதைப் பெரும்பாலும் உடம்பாலும் குரலாலும் காட்ட வேண்டும். எங்களுக்கு நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி நாக்கிலேயே இருக்கிறது. காணித் தரகரும் காணிக்காரரும் 'நீங்கள்' போட்டுக் கதைக்கத் தொடங்குகிறார்கள். ஆசிரியர் கைதட்டியதும் ஒருவர் ஒன்றும் நடக்காதது போல "இரும், சொல்லுறன்" என்று 'நீருக்கு' இறங்க வேண்டும். மற்றவர் அதைச் சொல்லிக் காட்டாமல் உடம்பால் மட்டும் ஏற்கவோ எதிர்க்கவோ வேண்டும். வழமையான பிழை, குரலை உயர்த்துவது. சத்தம் போடத் தொடங்குகிறவர் பெரும்பாலும் ஏற்கனவே கீழே போய்விட்டார். இரண்டு பேர், ஒரு வாங்கு, பத்து நிமிடம்; இதில் கிடைப்பது உங்கள் அடுத்த குறும்படத்துக்கு நேரே உதவும்.

இப்போது கணக்கு. வகுப்புப் பார்க்கப் போகும்போது கைபேசியில் நேரம் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று மணித்தியாலம் என்றால் 180 நிமிடம். உடம்பு சூடாக்க 25, தேத்தண்ணிக்கு 15, கடைசிக் கதைக்கு 20 போனால் மிச்சம் 120. இருபத்துநாலு பேர் இருந்து, ஒரு நேரத்தில் ஒரு சோடிதான் நடிப்பது என்றால், ஒரு சோடிக்குப் பத்து நிமிடம். அதில் பாதி ஆசிரியர் கதைப்பது. ஆக ஒருநாளைக்கு நீங்கள் நடிப்பது ஐந்து நிமிடம், எட்டு வகுப்புக்கும் நாற்பது. 16,000 ரூபாயை நாற்பதால் பிரித்தால் நிமிடத்துக்கு 400 ரூபாய். பன்னிரண்டு பேர் என்றால் 200. எல்லாச் சோடியும் ஒரே நேரத்தில் வேலைசெய்ய ஆசிரியர் சுற்றிவந்து திருத்துகிற வகுப்பில் இது இன்னும் குறையும். மற்றவர்கள் நடிப்பதைப் பார்ப்பதிலும் படிப்பு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் வருத்தம் பார்த்துத் தீர்கிற வருத்தம் இல்லை. பதினாறு பேருக்கு மேல் ஒரே ஆசிரியர் என்றால் நான் யோசிப்பேன்.

நேரத்தோடு சேர்த்து ஆசிரியரின் வாயையும் கவனியுங்கள். "சூப்பர்", "உணர்ச்சி காணாது", "இன்னும் பகிடியாச் செய்யுங்கோ" என்பவை திருத்தம் அல்ல. அதைக் கேட்டுவிட்டு அடுத்த நிமிடம் எதை மாற்றுவது? "அவ கேட்ட கேள்விக்கு நீர் மறுமொழி சொல்லேல்லை", "அவர் கதிரையைத் தள்ளினவர், நீர் காணேல்லை" என்பவை திருத்தம். அதுவும் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் நின்று சொல்லப்பட வேண்டும். ஸ்போலின் வழி அதுதான்: காட்சியை நிறுத்தாமல் ஒரு சொல் எறிவது, நடிகர் அதைக் காதில் வாங்கிக்கொண்டே தொடர்வது. முடிந்த பிறகு கால் மணித்தியாலம் விரிவுரை வைத்தால் உடம்புக்கு ஒன்றும் ஏறாது.

இன்னுமொன்றைக் கண்டால் எழும்பி வந்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று வகுப்புக்குள், "உங்கட வாழ்க்கையில நடந்த ஆகப் பெரிய சோகத்தைச் செய்து காட்டுங்கோ" என்று கேட்கிற ஆசிரியர். எங்கள் ஊரில் எந்த அறையில் எந்தப் பன்னிரண்டு பேரைக் கூட்டினாலும், அந்தக் கேள்வி யாரோ ஒருவருடைய பதுங்குகுழியையோ காணாமல் போன உறவையோ தொடும். கிளறிவிட்ட பிறகு அதைத் தாங்கத் தெரியாவிட்டால் கிளறக் கூடாது. இந்தப் பயிற்சிக்கு அது தேவையும் இல்லை. கிணற்றில் விழுந்த ஆடு போதும். தொடுகையும் அப்படித்தான். கை பிடிப்பது, தோளில் தட்டுவது எது வரைக்கும் என்று முதல் நாளே எல்லோர் முன்னாலும் பேசி வைக்க வேண்டும். யாரும் காரணம் சொல்லாமல் காட்சியை நிறுத்த ஒரு சொல்லும் இருக்க வேண்டும். இதைக் கேட்டதற்கு முகம் சுழிக்கிறவரிடம் படிக்க வேண்டியதில்லை.

எதை எதிர்பார்க்கக் கூடாது என்பதும் உண்டு. குரல், உச்சரிப்பு, எழுதிய வசனத்தை ஆராய்வது எல்லாம் வேறு பயிற்சி. அவற்றில் நீங்கள் ஏற்கனவே பழகியவர். கமெராவுக்கு என்றே ஒரு சிக்கலும் உண்டு, மேடைக்காரர் இதைச் சொல்லித்தர மாட்டார்கள். வசனம் இல்லாமல் எடுத்த காட்சி நன்றாக வந்தால் இயக்குநர் கிட்டக் கமெராவை வைத்து அதையே திரும்பக் கேட்பார். முதல் தரம் "அண்ணருக்கு வித்தனான்" என்ற இடத்தில் கோப்பையை வலக்கையால் வைத்திருந்தால் அடுத்த தரமும் அதே சொல்லில் அதே கையால் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெட்டி ஒட்ட முடியாது. ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று நாலு ஆணிதான்: எந்தச் சொல்லில் எழும்பினேன், எந்தச் சொல்லில் பொருளைத் தொட்டேன், எங்கே நின்றேன். மற்றதை விட்டுவிடலாம். வகுப்பில் ஒரு காட்சி முடிந்ததும் "அதையே இன்னொருக்காச் செய்யட்டோ?" என்று கேட்டுப் பழகுங்கள். சிலர் "அப்பிடிச் செய்தால் இம்ப்ரோவைசேஷன் இல்லை" என்பார்கள். மேடைக்கு அது சரி, உங்களுக்குச் சரிவராது.

காசு கட்டுவதற்கு முன்னால் இரண்டு கிழமை வீட்டில் ஒரு சோதனை. சிரித்த சிநேகிதியையே பிடியுங்கள். ஒரு நாளைக்கு இருபது நிமிடம் போதும். ஆறு நிமிடம் கண்ணாடி. பிறகு இரண்டு நிமிடக் காட்சி மூன்று. ஒவ்வொன்றுக்கும் முன்னால் யார், எங்கே, என்ன வேண்டும் என்பதை மட்டும் தீர்மானியுங்கள். இதில் ஒரு விதி: எதிராளி சொன்ன கடைசி மூன்று சொல்லில் ஒன்றை எடுத்துத்தான் உங்கள் வரி தொடங்க வேண்டும். செயற்கையாக இருக்கும், பரவாயில்லை. காதைத் திறக்க அதுதான் வழி. மிச்ச நேரத்தில் கைபேசியில் பதிந்ததைப் போட்டுப் பாருங்கள். அழகாக இருக்கிறீர்களா என்று பார்க்க வேண்டாம். எத்தனை இடத்தில் அவள் சொன்னதைத் தவறவிட்டீர்கள் என்று எண்ணுங்கள். முதல் நாள் எண்ணிக்கையையும் பத்தாம் நாள் எண்ணிக்கையையும் ஒப்பிட்டுப் பார்த்துப் பாதியாகக் குறைந்திருந்தால், வகுப்பு உங்களை இன்னும் தூரம் கொண்டுபோகும், கட்டுங்கள். கொஞ்சமும் குறையாவிட்டாலும் கட்டுங்கள், அங்கே வெளியில் நின்று திருத்த ஒரு ஆள் தேவைப்படுகிறது. இரண்டு கிழமையில் நாலு நாள்கூடச் செய்யவில்லை என்றால் 16,000 ரூபாயை வைத்திருங்கள்; சனிக்கிழமைகளும் அப்படித்தான் போகும்.

சேர்ந்தால் காசை இரண்டு தவணையாகக் கட்டக் கேளுங்கள். நாலாவது கிழமை இரண்டாவது தவணை. அதற்குள் மூன்று வகுப்பு முடிந்திருக்கும். உங்களுக்கென்று ஒரு திருத்தம், பெயர் சொல்லி, குறைந்தது மூன்று தரம் கிடைத்திருக்க வேண்டும். கொப்பியில் எழுதி வையுங்கள். கிடைக்காவிட்டால் மிச்சக் காசைக் கட்டாமல் நிற்கலாம். ஆறு மணிக்கு முடியும் என்கிற வகுப்பு ஆறரைக்கு முடிந்தால் கோண்டாவிலுக்கு எப்படிப் போவது என்பதையும் முதலே பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் நேரத்தை யோசித்துக்கொண்டு கடைசிக் காட்சி செய்கிறவரின் கண் எதிராளியில் நிற்காது. வெறுங்காலோடு நிற்கத் தரை பொருந்துமா, மின்விசிறி உண்டா என்பதையும் பார்க்கப் போகிற நாளே பாருங்கள். சுடிதாரின் சால்வையை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள், கண்ணாடிப் பயிற்சியில் இரண்டு நிமிடத்துக்கு ஒருக்கால் அதை இழுத்து விட வேண்டி வரும்.